நாள் குறிக்காத விருந்து

முன்னொரு காலத்தில், பல தேசத்தார் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்த ஓர் அரண்மனை இருந்தது. குதிரை பழக்குகிறவர் ஒரு நாட்டார், வைத்தியர் இன்னொரு நாட்டார், விகடம் சொல்கிற தத்தனோ மலைகளுக்கு அப்பாலிருந்து வந்தவன். அரசருக்கு ஒரு கிறுக்கு உண்டு. தம்மிடம் இருப்பவர்கள் எல்லாரும் ஒரு தாய் மக்களாகப் பழக வேண்டும், பழகாதவன் மூட்டை கட்ட வேண்டும்.

தத்தன் வாயைத் திறந்தால் சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். சபை கலைந்தால் அவனுக்குப் பேச்சுத் துணைக்கு ஆளில்லை. ஏழு வருஷமாக இதே கதைதான். 'இந்த ஊரில் இதை இப்படிச் சொல்லலாமா, தப்பாகிவிடுமா' என்று ஒவ்வொரு சொல்லையும் வாய்க்குள்ளேயே புரட்டிப் பார்ப்பான். கடைசியில் சும்மா சிரித்துவைப்பான். கூட்டத்தைச் சிரிக்க வைக்கிறவனுக்கு, ஒற்றை ஆளிடம் "சாப்பிட்டீர்களா" என்று கேட்க நாக்கு உலர்ந்துபோகும்.

அழைப்புக்கு மட்டும் குறைவில்லை. "ஒரு நாள் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வாங்க, தத்தரே!" என்று எதிர்ப்பட்டவரெல்லாம் சொன்னார்கள். அவன் ஊரில் விருந்துக்கு அழைப்பவர், விருந்தாளியின் மணிக்கட்டில் நூல் கட்டுவார். விருந்துக்கு நான்கு நாள் இருந்தால் நான்கு முடிச்சு. தினம் ஒன்றாக அவிழ்த்து, முடிச்சு தீர்ந்த அன்று போய்ச் சாப்பிட வேண்டும். இங்கே யாரும் நூலும் கட்டவில்லை, நாளும் சொல்லவில்லை. முதல் வருஷம் பூராவும் அவன் குளித்து, வெள்ளை உடுத்தி, யாராவது கூப்பிட வருவார்கள் என்று மத்தியானங்களில் வாசலில் காத்திருந்தான், பாவம். பிறகு கஞ்சி காய்ச்சிக் குடிக்கப் பழகிக்கொண்டான். போய்க் கேட்கலாம்தான். கேட்டால் பட்டிக்காட்டான் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம்.

பிரதானி நாகலிங்கராயருக்கு இவன்மேல் தீராத வயிற்றெரிச்சல். ராயர் ஒரு நாழிகை பேசினால் அரசர் கொட்டாவி விடுவார், தத்தன் ஒரு வார்த்தை சொன்னால் பதக்கம் தருவார். யாருக்குத்தான் பொறுக்கும்?

ஒரு திங்கட்கிழமை ராயர் சபையில் எழுந்தார். "மன்னர் மன்னா! இந்த மலைநாட்டான் எங்களை மதிப்பதே இல்லை. நாற்பத்துமூன்று பேர் வீட்டுக்கு அழைத்தோம். ஏழு ஆண்டுகளில் ஒரு வீட்டிலும் கை நனைக்கவில்லை!"

"உண்மையா, தத்தா?"

"உண்மைதான், மன்னா."

அரசர் முகம் சிவந்தது. "இன்று பொழுது சாய்வதற்குள் அந்த நாற்பத்துமூன்று வீட்டிலும் உண்டுவிட்டு வா. இல்லையேல் எல்லையைத் தாண்டிப் போய்விடு."

நாற்பத்துமூன்று சாப்பாடு! யானைக்கே வயிறு வெடிக்கும். ராயர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். மலைநாட்டில் தத்தனுக்கென்று எவரும் இப்போது இல்லை. அவன் எங்கே போவான்? ஆனாலும் கை கூப்பினான்.

"உத்தரவு, மன்னா. பிரதானியார் வீட்டிலேயே தொடங்குகிறேன். 'ஒரு நாள் வாங்க' என்றார். இன்றும் ஒரு நாள்தானே? ஆனால் இந்த ஊர் முறை எனக்குச் சரியாகத் தெரியாது. தப்பு நேராதபடி மன்னரும் கூட வந்து பார்க்க வேண்டும்."

வேடிக்கை என்றால் அரசர் விடுவாரா? உடனே கிளம்பினார். சபையே பின்னால் நடந்தது. ராயர் முன்னால் ஓடிப்போய்த் தம் வீட்டு வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"தத்தரே, இன்னைக்கு வேண்டாம்! வீட்டுல அடுப்பே மூட்டலை. இன்னொரு நாள் வாங்க!" என்றார் வேர்த்து விறுவிறுக்க.

"எந்த நாள், ஐயா?"

"அது... நல்ல நாளாப் பார்த்து..."

தத்தன் சேனாபதியைத் திரும்பிப் பார்த்தான். "எங்க வீட்டுல வெள்ளையடிக்கிறாங்க," என்றார் அவர் அவசரமாக. களஞ்சியத் தலைவர் வீட்டில் சம்பந்தி வந்திருந்தாராம். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"மன்னா, நான் எவர் அழைப்பையும் மறுக்கவில்லை. அந்த ஒரு நாள் என்றைக்கு வரும் என்றுதான் ஏழு வருஷமாகக் காத்திருக்கிறேன்," என்ற தத்தன், தன் ஊர் நூலைப் பற்றியும் சொன்னான்.

அரசர் சிரித்த சிரிப்பில் தெருவில் நின்ற மாடு மிரண்டு ஓடியது. சிரித்து ஓய்ந்ததும் தம் முத்துமாலையைக் கழற்றித் தத்தன் கழுத்தில் போட்டார். பிறகு அவனுடைய வெறும் மணிக்கட்டைப் பார்த்தார். தம் அங்கவஸ்திரத்திலிருந்து ஒரு பட்டு நூலை உருவி, நான்கு முடிச்சுப் போட்டுத் தம் கையாலேயே கட்டிவிட்டார்.

"வருகிற வெள்ளிக்கிழமை மத்தியானம் நீ என்னோடு சாப்பிடுகிறாய்."

தத்தன் குனிந்த தலை நிமிரவில்லை. அரசருக்குத் தயக்கமாகிவிட்டது.

"ஏதும் தப்பாகக் கட்டிவிட்டேனா, தத்தா? உங்கள் ஊர் முறை எனக்குத் தெரியாதே."

"தப்பே இல்லை, மன்னா," என்று தத்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நாலுதான். இன்னொரு தடவை எண்ணிக்கொள்கிறேன்."