பொக்குப் பாறையும் குட்டி நிலாவும்

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே ஒரு பெரிய வெளி. அங்கே பாறைகள் மந்தை மந்தையாகச் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த மந்தையில் மொத்தன் என்று ஒரு குண்டுப் பாறை. அவனையே சுற்றிச் சுற்றி வந்தாள் ஒரு குட்டி நிலா. அவள் பேர் சிட்டு. எப்போதோ ஒரு முரட்டுப் பாறை வந்து மோதியபோது மொத்தனின் உடம்பிலிருந்து தெறித்த துண்டு அவள். அதனால் அவனை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவாள்.

அந்த மோதலில் மொத்தன் உள்ளுக்குள் நொறுங்கிப் போயிருந்தான். வெளியே பார்த்தால் மலை, உள்ளே ஜல்லிக் குவியல். பக்கத்துப் பாறைகளுக்கு வாய் சும்மா இருக்குமா?

“மொத்தனா? ஆளைப் பார்த்து ஏமாறாதே! உள்ளே வெறும் பொக்கு, கனமே கிடையாது!”

கேட்டுக் கேட்டு அவனும் அதை நம்பிவிட்டான். பாவம், ஏறி நின்று எடை பார்க்க ஆகாயத்தில் தராசா இருக்கிறது? ‘என்றைக்காவது சரிந்துவிடுவேன். அப்போது இந்தப் பிள்ளை கதி என்ன?’ என்று மறுகிக்கொண்டே கிடந்தான்.

எல்லாக் கதையிலும் ஒரு நரி வருமே! இங்கே வந்தவன் ஒரு வால் நட்சத்திரம். அவன் பேர் வாலன். அடேயப்பா, என்ன வால், என்ன மினுமினுப்பு! வந்ததுமே அவன் கண் சிட்டுவின் மேல் விழுந்தது. தன் பின்னால் ஒரு நிலா வந்தால் எத்தனை பெருமை!

“அண்ணாச்சி, உங்களுக்கோ உடம்பு சரியில்லை. தங்கச்சியை என்னோட அனுப்புங்களேன். ராணி மாதிரி வச்சுக்கிறேன்!” என்றான், தேன் ஒழுகாத குறையாக.

மொத்தனுக்கு அவளை அனுப்ப மனமே இல்லை. ஆனாலும் சிட்டுவைக் கூப்பிட்டான்.

“சிட்டு, நீ இவரோட போயிடும்மா.”

“மாட்டேன்! நீ சரிஞ்சா நானும் உன் மேலேயே விழுந்துட்டுப் போறேன்!”

“அப்படிச் சொல்லாதே. என்னால நீயும் அழியணுமா? சொன்னாக் கேளு, போ!” அதைச் சொல்வதற்குள் அவன் அழுதுவிட்டான்.

அண்ணன் அழுவதை அவளால் தாங்க முடியவில்லை. “சரி, போறேன்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வாலன் அவளை உரசுகிற மாதிரி கிட்டே வந்து இழுத்தான். சிட்டு லேசாக ஆடினாள், அவ்வளவுதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி இழுத்தான். அவளோ வழக்கமாகப் போகிற வழியிலேயே போய்க்கொண்டிருந்தாள்.

“யோவ், அவளை விடுய்யா!” என்று கத்தினான் வாலன். தேனெல்லாம் எங்கே போச்சோ!

“நான் எங்கேப்பா பிடிச்சேன்? எனக்குக் கையா இருக்கு?” மொத்தன் திருதிருவென்று விழித்தான்.

சிட்டுவுக்குத்தான் முதலில் விளங்கியது.

“அண்ணே! உன் கனம்தான் என்னைப் பிடிச்சு வச்சிருக்கு! நீ பொக்கா இருந்தா, இவன் இழுத்த இழுப்புக்கு நான் எப்பவோ போயிருப்பேனே! ஜல்லியா இருந்தா என்ன? அத்தனையும் கல்லுதானே!”

உண்மையில் பொக்கு வாலன்தான், பாதிக்கு மேல் பனியும் புகையுமாக இருந்தான். அத்தனை நீள வாலைச் சுருட்டவும் வழியில்லாமல், அதை இழுத்துக்கொண்டே சூரியன் பக்கம் போய்த் தொலைந்தான்.

மொத்தன் மெதுவாகக் கேட்டான்.

“இனிமே நான் போகச் சொன்னா போவியா?”

“நீ விட்டாத்தானே போறதுக்கு!” என்று சிரித்தபடியே அடுத்த சுற்றுக்குக் கிளம்பினாள் சிட்டு.

பக்கத்துப் பாறைகள் இன்றைக்கும் அவனைப் பொக்கு என்றுதான் சொல்கின்றன. மொத்தன் அதைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை.

ஊர் வாயை வைத்து உங்களை எடை போடாதீர்கள். உங்களை நம்பி இருப்பவர் உங்களை விட்டு அசையாமல் இருப்பதில்தான் உங்கள் கனம் தெரியும்.