பட்டு மாதிரி போகும் கார்

கொடிவேலிப்பட்டி பேரூராட்சித் தலைவர் மாணிக்கசுந்தரம், பழங்காலத்துச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினார். அது அவரைத் தூக்கித் தூக்கிப் போட்டது. நேராக மெக்கானிக் ஜெயமேரியின் பட்டறைக்கு வந்து உறுமினார்.

"நாளைக்கு ஊர்வலம். ஷாக் அப்சர்பர், ஸ்பிரிங் எல்லாத்தையும் சரிபண்ணு. என் மாலையில ஒரு பூ உதிர்ந்தாலும் உன் பட்டறைக்குப் பூட்டுத்தான்!"

ஜெயமேரி ஷாக்கை இளக்கிப் பார்த்தாள், ஸ்பிரிங்கை மாற்றிப் பார்த்தாள். குண்டும் குழியுமான அந்த ஊர்த் தெருவில் கார் குதிக்கத்தான் செய்தது.

மறுநாள் கூட்டத்தின் நடுவே அவள் சத்தமாகச் சொன்னாள்: "தலைவரே, போன மாசம் நீங்க ரிப்பன் வெட்டித் திறந்து வெச்சீங்களே புது தார் ரோடு, அதுக்குன்னே ஸ்பிரிங்கை அளவா வெச்சிருக்கேன். அதுல துளிகூடக் குலுங்காது!"

கூட்டம் கைதட்டியது. அந்த ரோடு கல்வெட்டில் மட்டும்தான் இருந்தது. அதைச் சொல்ல முடியாமல் தலைவர் காரில் ஏறினார்.

கார் தவளையாகத் தாவியது. மாலை போனது. கூலிங்கிளாஸ் போனது. பல்செட்டும் பறந்து சாக்கடையில் விழுந்தது.

ஜெயமேரி கூடவே ஓடினாள். "குலுங்குதா தலைவரே?"

"இழ்ழையே! பழ்ழு மாழிரி போகுழு!"

"பட்டு மாதிரி போகுதாம்!" என்று அவள் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். "அப்ப ஊரை இன்னொரு சுத்து சுத்திட்டு வரட்டுமே!"

"இன்னொரு சுத்து! இன்னொரு சுத்து!" என்று ஊரே ஆர்ப்பரித்தது.

தலைவர் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு அலறினார்: "வேணாம் ழாயே! நாழைக்கே நெசமாவே ரோழு போழ்ழுழறேன்!"