எப்போதும் இரண்டு நொடி முன்னால்

"மறுபடியும் இரண்டு நொடி! வெறும் இரண்டே நொடி!" என்று கத்தியது கொவ்வை. கத்தியும் ஆத்திரம் அடங்காமல், பக்கத்தில் கிடந்த கூழாங்கல்லைக் கொத்தி எறிந்தது.

கொவ்வை ஓர் ஆட்காட்டிக் குருவி. குளக்கரைச் சரளைக் கற்களுக்கு நடுவே நான்கு முட்டைகளை அடைகாத்து வந்தது. அந்தக் காட்டுக்குக் காவலும் அதுதான். தூரத்தில் ஒரு வால் நுனி தெரிந்தால் போதும், வானம் கிழியக் கத்திக்கொண்டு எழும்பும். உடனே முயல்கள் புதருக்குள் பாயும், மான்கள் மறையும். அங்கே திரியும் நரி வெறும் வயிற்றோடு திரும்பிப் போகும்.

இப்படி மூன்று மாதம் காய்ந்து கிடந்த நரி, ஒரு நாள் மூட்டையோடு வந்தது. மூட்டை நிறைய செல்போன்கள்!

"பழசை எல்லாம் மறந்துடுவோம். ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குங்க. எல்லாத்துலயும் சுடோகு ஆட்டம் இருக்கு. மூளைக்கு நல்லது. ஓசிதான்!" என்றது நரி.

"உன் கையால எதையும் வாங்க மாட்டேன். போ!" என்றது கொவ்வை.

"வாங்க வேண்டாம், தாயே! உன்னால அதைப் போட முடியுமான்னு எனக்கே சந்தேகம்தான்."

அந்தச் சந்தேகத்தைத்தான் கொவ்வையால் பொறுக்க முடியவில்லை. வெடுக்கென்று ஒரு போனைப் பிடுங்கிக்கொண்டது.

குறுக்கே ஒன்பது கட்டம், நெடுக்கே ஒன்பது கட்டம். ஒன்று முதல் ஒன்பது வரை நிரப்ப வேண்டும். ஒரு வரிசையில் ஓர் எண் இரண்டு முறை வரக் கூடாது. தினமும் எல்லோருக்கும் ஒரே புதிர். முடித்ததும், எத்தனை நிமிடம் ஆயிற்று, நேற்றைவிட வேகமா, விடாமல் எத்தனை நாள் ஆடியாயிற்று என்று போன் காட்டும். அதன் கீழே இரண்டே இரண்டு பெயர்கள் வரும். ஒன்று நம் பெயர். இன்னொன்று நம்மை முந்தியவர் பெயர்.

கொவ்வையை முந்தியவர் பெயர் 'மின்னல்'.

முதல் நாள் கொவ்வைக்கு இருபது நிமிடம் ஆயிற்று. மின்னல் இரண்டு நொடி முன்னால் முடித்திருந்தது. நாற்பதாம் நாள் கொவ்வை நாலே நிமிடத்தில் முடித்தது. அன்றும் மின்னல் இரண்டு நொடி முன்னால்! கொவ்வைக்குப் பற்றி எரிந்தது. முட்டைகளைத் திருப்பிப் போடக்கூட மறந்தது; அவை பொரிய வேண்டிய நாள் கடந்ததும் தெரியவில்லை. தோற்ற கணக்கைச் சொல்ல வெட்கப்பட்டு யாரிடமும் பேசுவதில்லை. கண் மூடினாலும் மின்னல்; திறந்தாலும் மின்னல்!

நாற்பத்தோராம் நாள் காலை. முயல் பூளை மூச்சிரைக்க ஓடி வந்து நின்றது.

"என் குட்டிங்க ரெண்டைக் காணோம்! மூணுல ஒண்ணுதான் மிச்சம். நீ ஏன் கத்தலை?"

"நான் எதையும் பார்க்கலையே, பூளை!"

"பார்க்கலையா? கீழே பார்!"

ஈர மணலில் நரியின் கால்தடம். போன தடமும் இருந்தது, வந்த தடமும் இருந்தது. கொவ்வை உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து நாலே அடி!

"நான்... கட்டம் போட்டுக்கிட்டிருந்தேன்."

"கட்டமா? உன்னை நம்பித்தானே குட்டிங்களை விட்டுட்டுப் புல்லு மேயப் போனேன்! உன் கண்ணு என்ன ஆச்சு?"

தன் மேல் வர வேண்டிய கோபத்தைக் கொவ்வை வேறு பக்கம் திருப்பியது. "எல்லாம் அந்த மின்னலால வந்தது! அவன் யாருன்னு கண்டுபிடிச்சு மண்டையைப் பொளக்கிறேன்!"

குளத்தோரம் ஆமை அடைக்கலம் போனில் மூழ்கிக் கிடந்தது. கொவ்வை நேரே அதன் ஓட்டின் மேல் போய் இறங்கியது.

"உண்மையைச் சொல்லுங்க அண்ணே! மின்னல் நீங்கதானே?"

"நானா? நக்கலா உனக்கு? என் வயித்தெரிச்சலைக் கிளப்பாதே! நேத்துப் புதிரை நான் எழுபது நிமிஷத்துல முடிச்சேன். அந்தப் பாவி எனக்கு ரெண்டு நொடி முன்னால முடிச்சிருக்கான்!"

கொவ்வை ஓட்டின் மேலிருந்து கீழே குதித்தது. "நேத்துப் புதிரா? என் போன்ல அவன் நாலு நிமிஷத்துக்குள்ள முடிச்சதா இருக்கே?"

"எங்க காட்டு!"

இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். பூளை தன் போனையும் கொண்டுவந்து வைத்தது. பூளைக்குப் பதினெட்டு நிமிடம். அங்கேயும் மின்னல் இரண்டு நொடி முன்னால்!

கொவ்வை மெல்லச் சொன்னது: "ஒரே புதிரை ஒரே ஆள், ஒரே நாள்ல, மூணு நேரத்துல எப்படி முடிப்பான்? மின்னல்னு யாருமே இல்லை. நம்ம நேரத்துல ரெண்டு நொடியைக் கழிச்சுக் கழிச்சு எவனோ எழுதியிருக்கான்."

"எவனோ என்ன எவனோ? மூட்டை தூக்கிட்டு வந்தது யாரு?" என்று பல்லைக் கடித்தது பூளை.

தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல் மூவரும் நரிக்காகக் காத்திருந்தார்கள். அன்று மாலை நான்கு மணி. எல்லாப் போன்களும் ஒரே நேரத்தில் ஒலித்தன. 'மின்னல் உங்களை மீண்டும் முந்திவிட்டது!'

காடு முழுவதும் தலைகள் குனிந்தன. கொவ்வையும் குனிந்தது, ஆனால் கண்கள் போனில் இல்லை. புல் விலகியது. நரி பூனைபோல் அடி வைத்து, பூளையின் கடைசிக் குட்டி கிடந்த புதரை நோக்கி நகர்ந்தது. போகிற போக்கில் கொவ்வையைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு!

கொவ்வை எழும்பியது. நாற்பத்தோரு நாள் கத்தாத கத்தலை எல்லாம் சேர்த்துக் கத்தியது. நரியின் மண்டையில் பாய்ந்து பாய்ந்து கொத்தியது. புதரடியில் பதுங்கியிருந்த அடைக்கலம் அதன் வாலைக் கவ்விக்கொண்டது. சத்தம் கேட்டுக் காட்டெருமைகள் கொம்பைத் தாழ்த்திக்கொண்டு ஓடி வந்தன.

"நான் என்ன செஞ்சேன்? விளையாட்டுத்தானே கொடுத்தேன்! தலையைக் குனிஞ்சது நீங்க!" என்று அலறிக்கொண்டே நரி வாலில் பாதியை விட்டுவிட்டு முள்வேலிக்குள் புகுந்து ஓடியது. அந்தப் பக்கம் அது பிறகு வரவில்லை.

காட்டெருமைகள் செல்போன்களை மிதித்து நொறுக்கின. எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். பூளை மட்டும் செய்யவில்லை. மிஞ்சிய ஒற்றைக் குட்டியை அணைத்தபடி கொவ்வையின் முன்னால் வந்து நின்றது.

"நல்லாத்தான் கத்தினே. காலையிலயே கத்தியிருக்கலாம்."

கொவ்வை தலை குனிந்து, பொரியாத முட்டைகளின் பக்கம் திரும்பி நடந்தது.

கண்ணால் காணாத போட்டியாளன் மேல் கோபத்தை மூட்டிவிடுகிறவன், கண்ணெதிரே இருப்பதைக் களவாடத்தான் வருகிறான்.