அங்கம்மாள் கழற்றிய பிளக்

கரூரில் ஒரு கார் பட்டறையில் வண்டி கழுவுகிறவள் அங்கம்மாள். டாக்சிக்காரர் மரியதாஸின் காரில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்த தலைமை மெக்கானிக் சபாபதி, "சென்சார் போச்சு, புதுசுதான் போடணும்" என்றார்.

"ஒயர எலி கடிச்சிருக்குங்க சார். கழுவறப்ப பாத்தனுங்க" என்றாள் அங்கம்மாள்.

"மெசின் பொய் சொல்லுமா? நிரூபிச்சுக் காட்டு. இல்லேன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராத!"

அவர் ஸ்கேனரைக் கழற்றுவதற்குள், அங்கம்மாள் சபாபதியின் சொந்தக் காரின் பானட்டைத் திறந்து மூடினாள்.

"இதையுங் கொஞ்சம் பாருங்க சார்."

ஸ்கேனர் அதே கோளாறைக் காட்டியது. "போன மாசம் வாங்கின வண்டியாச்சே!" என்று அலறினார் சபாபதி.

"புது சென்சார் போட்டுரலாங்களா?" என்று கேட்டபடியே, பானட்டைத் திறந்து, தான் கழற்றிவிட்ட சென்சார் ஒயரின் பிளக்கைத் தூக்கிக் காட்டினாள். "மெசின் வலிக்கிற எடத்தத்தான் சொல்லுதுங்க. எதனால வலிக்குதுன்னு நாமதான் பாக்கோணும்."

பட்டறையே சிரித்தது. மரியதாஸின் வண்டிக்கடியில் சபாபதி படுத்து, எலி கடித்த ஒயரை ஒட்டினார். டார்ச் பிடித்தவள் அங்கம்மாள்.