துண்டுக்கு அடியில்

செல்லாண்டி பேர்போன மாட்டுத் தரகர். பேர்போன கோபக்காரரும்கூட. அந்தக் கோபத்தை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டுமே என்றுதான், சந்தைக்குப் பின்னால் கொட்டகை போட்டு நொண்டி மாடுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலம்மையிடம் சீடராகச் சேர்ந்தார். வேலம்மைக்கு அவரைவிட வயது குறைவு. அதைச் சொல்லி யாராவது சிரித்தால் மறுபடி கோபம் வரும்.

சந்தையில் குண்டு வெடித்த பிறகு கோபத்தோடு சந்தேகமும் வந்து ஒட்டிக்கொண்டது. தனியாகக் கிடக்கும் சாக்கைக் கண்டால் சந்தேகம். சும்மா நிற்கிறவனைக் கண்டாலும் சந்தேகம். கூட்டாளி நாச்சிமுத்துவை அந்தக் குண்டு தின்றுவிட்டது. மலைக்குத் தனி ஆட்சி கேட்கும் ஓர் இயக்கம், நாங்கள்தான் வைத்தோம் என்றது.

மலையிலிருந்து மாடு ஓட்டி வருகிறவர்களை இனி உள்ளே விடுவதா என்று சந்தையில் ஒரே அடிதடி. கடைசியில், உள்ளூர்த் தரகர் கைபிடித்து அழைத்து வந்தால் மலைக்காரன் உள்ளே வரலாம், இல்லாவிட்டால் வந்த வழியே திரும்பலாம் என்று முடிவானது.

செல்லாண்டியின் பழைய வாடிக்கை மாதப்பன், மலைக்காரன், காலையிலிருந்து ஒரு ஜோடிக் காளைகளோடு கொட்டகைக்கு வெளியே நிற்கிறான். செல்லாண்டி அவன் முகத்தைப் பார்க்காமல் கொட்டகைக்குள் நுழைந்தார்.

"ஏனுங்கம்மா, எனக்கு ஒண்ணு மட்டும் விளங்கலை."

"கேளுங்க, தரகரே." வேலம்மை ஒரு மாட்டின் குளம்பில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"லாபமில்லாம எவனும் சந்தைக்கு வரமாட்டான். குண்டு வெச்சவனுக்கு என்ன லாபம்? நாச்சிமுத்து செத்தா மலை அவன் கைக்கு வந்துருமா?"

"வெளியே நிக்கறது மாதப்பன்தானே?"

"அவன் பேச்சை விடுங்க. வெடிக்கறதுக்குச் சித்த முன்னால டீ குடிக்க எந்திரிச்சுப் போனவன்."

"நீங்களும் கூடப் போனீங்க. அதனாலதான் உசுரோட இருக்கீங்க."

"போனேன். கூப்பிட்டதே அவன்தான். அதுதான் இடிக்குது. என்னைக்கும் இல்லாம அன்னைக்கு மட்டும் ஏன் கூப்பிட்டான்?"

வேலம்மை கையைக் கழுவினாள். "மாதப்பா, உள்ள வா."

அந்தச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. கைமேல் துண்டைப் போட்டு மூடி, உள்ளே ஒருவர் விரலை ஒருவர் பிடித்துத்தான் பேரம். குண்டு வெடித்த நாளிலிருந்து எவரும் எவருடைய துண்டுக்குள்ளும் கையை விடுவதில்லை.

வேலம்மை செல்லாண்டியின் தோளில் கிடந்த துண்டை உருவினாள். மாதப்பனைக் கையை நீட்டச் சொல்லி, அதன்மேல் போர்த்தினாள்.

"காளை நல்லா இருக்கு. பேசி முடிங்க."

மாதப்பன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். "இயக்கத்துப் பசங்க எங்க ஊருக்கு வந்தாங்க, தரகரய்யா. எங்ககூட வரலைன்னா கீழ சந்தைக்குப் போ, உன் கையை எவன் தொடறான்னு பார்க்கலாம்னு சிரிச்சாங்க. எனக்கு ஒரு தரகர் இருக்காருன்னு சொல்லிட்டு வந்தேன்."

இதையும் சொல்லிக் கொடுத்துத்தான் அனுப்பியிருப்பார்களோ? செல்லாண்டி அவன் இடுப்பைப் பார்த்தார், மடியைப் பார்த்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு துண்டுக்குள் கையை விட்டார்.

சில்லென்று என்னவோ பட்டது. வெடுக்கென்று கையை உருவிக்கொண்டார்.

"விரல்தானே, தரகரே?"

"உள்ள என்ன இருக்குன்னு எனக்கென்னம்மா தெரியும்!" கத்திய கத்தலில் படுத்திருந்த மாடுகள் தலையைத் தூக்கின.

வேலம்மை குரலை உயர்த்தவில்லை.

"என்ன லாபம்னு கேட்டீங்களே. இப்ப கையை இழுத்துக்கிட்டீங்க பாருங்க, அதுதான். குண்டு வெச்சவனுக்கு அந்த லாபத்தைக் குடுக்கறதா இருந்தா, துண்டை எடுத்துக்கிட்டுப் போங்க."

செல்லாண்டி துண்டைப் பார்த்தார். அதற்கு அடியில் மாதப்பனின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.