தீவு நாட்டு வெள்ளை உப்பு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்தக் காலம், எந்த ஊர் என்று என்னைக் குடையாதீர்கள், எனக்கும் தெரியாது. நல்ல ராஜாதான். ஆனால் கைக்கு வந்ததைத் திருப்பிக் கொடு என்றால் எந்த ராஜாவுக்கு மனசு வந்திருக்கிறது, இவருக்கு மட்டும் வர? அங்கேதான் வினை தொடங்கியது.

அந்த ராஜாவின் சபையில் சேந்தன் என்று ஒரு விகடகவி. ஊரே அவன் பேச்சைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரிக்கும். வருகிற தூதர்களுக்கு விருந்து வைத்து அனுப்புவதோடு இரண்டு நாட்டு உறவு முடிந்துவிடுகிறதே, பிள்ளைகள் போய்வந்தால் அல்லவா உறவு நிலைக்கும் என்று ஒருநாள் அவன் ராஜாவிடம் சொன்னான். ராஜாவுக்கு அது பிடித்துப்போனது. கடலுக்கு அப்பால் இருந்த தீவு நாட்டு அரசருக்கு ஓலை போயிற்று. இங்கிருந்து எட்டுப் பேர் அங்கே போய்க் கடல்வழியும் நட்சத்திரமும் படிப்பது, அங்கிருந்து எட்டுப் பேர் இங்கே வந்து வைத்தியமும் சிற்பமும் இசையும் படிப்பது, இரண்டு வருஷம் கழித்து அவரவர் ஊருக்குத் திரும்புவது என்று ஏற்பாடு. செலவுக்கு இரு அரசர்களும், கோயிலுக்கு அறக்கட்டளை வைப்பது போல, ஒரு கட்டளை வைத்தார்கள். தீவில் நெல் விளையாது, ஆகையால் நம் பிள்ளைகளின் செலவுக்கு இங்கிருந்து வருஷத்துக்கு ஒரு கப்பல் நெல் போகும். நம் நாட்டு உப்பு கறுத்துக் கிடக்கும், மண் கடிக்கும். தீவு உப்போ மல்லிகைப்பூ. ஆகையால் அவர்கள் பிள்ளைகளின் செலவுக்கு அங்கிருந்து ஒரு கப்பல் உப்பு வரும். அதில் சமையலுக்குப் போக மீதியை விற்று அவர்களுடைய விடுதியை நடத்த வேண்டும்.

முதல் எட்டுப் பேரில் சேந்தனின் ஒரே மகள் செங்கமலமும் போனாள். ஊருக்கு யோசனை சொல்லிவிட்டுத் தன் பிள்ளையை வீட்டுக்குள் பூட்டிவைத்துக்கொள்ள அவனால் முடியவில்லை. அவள் போன பதினான்காம் மாதம், பங்குனியில், அவள் அம்மா வடிவம்மை நான்கு நாள் காய்ச்சலில் கண்ணை மூடிவிட்டாள். அந்த வருஷத்து நெல் கப்பல் முன்பே போய்விட்டிருந்தது, கடலுக்கு அப்பால் சேதி சொல்ல வேறு கப்பல் இல்லை. அன்றிலிருந்து சேந்தன் சபையில் மற்றவர்களைச் சிரிக்கவைத்தான், வீட்டில் வாய் திறக்கவில்லை. மகள் வந்ததும் இந்தச் சேதியை எப்படிச் சொல்வது என்பதுதான் அவனுக்குள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. வேறு யார் வாயிலிருந்தும் அது அவள் காதில் விழுந்துவிடக் கூடாது.

இரண்டு வருஷம் முடிந்து தீவுக் கப்பல் வந்து கழிமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டது. ஆளுக்கு ஆள் என்பது இரு நாட்டுக்கும் பொதுவான வழக்கம். இங்கிருந்து ஒருவர் படகில் போய்க் கப்பலேறினால் அங்கிருந்து ஒருவர் அதே படகில் இறங்கிக் கரைக்கு வருவார். மூன்று நாளில் காற்று திரும்பிவிடும், அதன் பிறகு அடுத்த வருஷம்வரை பாய் விரிக்க முடியாது என்று மாலுமி சொல்லி அனுப்பினான்.

இப்போது ராஜாவின் ஆசைக்கு வருவோம். தீவிலிருந்து வைத்தியம் படிக்க வந்தவர்களில் கேதகி என்று ஒரு பெண். ராஜாவுக்கு ஒரு வருஷமாகக் கண் மங்கிக்கொண்டே வந்தது. நம் வைத்தியர்கள் கையை விரித்துவிட்டார்கள். இவள் தன் ஊர்ப் பச்சிலையையும் இங்கே படித்த முறையையும் சேர்த்து ஒரு சாறு இறக்கித் தினமும் விட்டதில் பார்வை தெளிந்துவிட்டது. அவளை அனுப்ப ராஜாவுக்கு மனமில்லை. அவள் போனால் கண்ணும் போய்விடும் என்று பயந்தார். பயந்தவனுக்கு யோசனை சொல்ல ஆளா கிடைக்காது? களஞ்சிய அதிகாரி ஏகவீரர் இருந்தார். விகடகவி சொல்லி ஒரு கட்டளை நடக்கிறதே, தாம் சொல்லி ஒன்றும் நடக்கவில்லையே என்று இரண்டு வருஷமாக வெந்துகொண்டிருந்த மனிதர்.

ஏகவீரர் ஒரு பழைய ஏட்டைத் தேடிப் பிடித்துச் சபையில் வாசித்தார். எவன் ஒருவன் மன்னர் உப்பை இரண்டு வருஷம் தின்றானோ அவன் அந்த மன்னருக்கு உரியவன், எல்லை தாண்டிப் போக அவனுக்கு உரிமை இல்லை என்று அதில் எழுதியிருந்தது. கேதகியும் மற்ற ஏழு பேரும் இரண்டு வருஷமாக நம் உப்பைத் தின்றவர்கள், ஆகவே நம்மவர்கள் என்று முடித்தார். அப்படியானால் கப்பலில் காத்திருக்கும் நம் எட்டுப் பேர் கதி என்ன என்று சேந்தன் கேட்டான். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் ஏகவீரர், நெல் அளப்பதைப் பற்றிப் பேசுகிற குரலில்.

ராஜா சேந்தனின் முகத்தைப் பார்க்காமலே பேசினார். "சேந்தா, முன்னோர் சட்டத்தை நான் மீற மாட்டேன். சட்டமும் நிற்க வேண்டும், அவர்களும் போக வேண்டும் என்றால் அதற்கு வழி உன்னிடம் இருக்கிறதா? காற்று திரும்புவதற்குள் சொல். இல்லையென்றால் இதைப் பற்றிப் பேசாதே."

சேந்தன் நேரே கடற்கரைக்குப் போனான். கப்பல் தெரிந்தது, அதன் மேல்தளத்தில் ஆட்கள் எறும்பு மாதிரி தெரிந்தார்கள், அதில் எது தன் மகள் என்று தெரியவில்லை. அன்றைக்கு முழுக்க அங்கேயே நின்றான். ஊரைச் சிரிக்கவைத்த அத்தனை புத்தியும் எங்கே போய் ஒளிந்துகொண்டது என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

மறுநாளும் காலையில் கரைக்குப் போய் நின்றுவிட்டு, உச்சிவேளையில் தீவுப் பிள்ளைகளின் விடுதிக்குப் போனான். கேதகி அவன் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு கலயம் கஞ்சி கொடுத்தாள். ஒரு வாய் குடித்தான். பல்லில் மண் நறநறவென்று கடித்தது. இது உங்கள் ஊர் உப்பு இல்லையே அம்மா என்றான். எங்கள் ஊர் உப்பை இங்கே வந்ததிலிருந்து கண்ணால் பார்த்ததில்லை ஐயா, களஞ்சியத்திலிருந்து இந்தக் கறுப்பு உப்பும் மட்ட அரிசியும்தான் வருகிறது என்றாள் அவள். சேந்தன் கலயத்தைக் கீழே வைத்தான். அங்கிருந்து அரண்மனை மடைப்பள்ளிக்குப் போய், தலைமைச் சமையல்காரர் நல்லாப்பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான். பதில் வந்ததும் வீட்டுக்குப் போய் மூட்டை கட்டத் தொடங்கினான்.

மூன்றாம் நாள் பொழுது விடிந்ததும் அதிகாரிகள் வீட்டு வாசலிலெல்லாம் மாட்டுவண்டி. அரசர் சட்டப்படி எல்லாரும் தீவுக் கப்பல் ஏற வேண்டும், பாத்திரம் பண்டம் எடுத்து வையுங்கள் என்று வண்டிக்காரர்கள் சொல்ல, ஒவ்வொரு வீட்டிலும் ஒப்பாரி. ஏகவீரரின் மனைவி ஊறுகாய் ஜாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். அதிகாரிகள் அலறி அடித்துக்கொண்டு சபைக்கு ஓடினால், அங்கே சேந்தன் தோளில் மூட்டையோடு முதல் ஆளாக நின்றுகொண்டிருந்தான்.

இது என்ன கூத்து என்றார் ராஜா.

"கூத்து இல்லை அரசே, சட்டம். எவர் உப்பைத் தின்றோமோ அவருக்கு உரியவர்கள் நாம். நல்லாப்பிள்ளையைக் கேளுங்கள்."

நல்லாப்பிள்ளை வந்து உள்ளதைச் சொன்னார். இரண்டு வருஷமாகத் தீவிலிருந்து வந்த வெள்ளை உப்பு மூட்டைகள் விடுதிக்குப் போகவே இல்லை. மோர்ச்சோற்றில் அந்த உப்பு மண் கடிக்காமல் கரைகிறது என்று மன்னர் ஒருநாள் மெச்சிவிட்டார். அன்றிலிருந்து அத்தனையையும் அரண்மனைக்கும் அதிகாரிகள் வீட்டுக்கும் அனுப்பச் சொல்லிவிட்டார் ஏகவீரர். தீவுப் பிள்ளைகளுக்குப் போனது நம் கறுப்பு உப்பு. வேலியே பயிரை மேய்ந்த கதைதான், வேறென்ன.

"ஆகவே, அரசே," என்றான் சேந்தன், "இந்தச் சபையில் தீவு அரசரின் உப்பைத் தின்னாதவர் ஒருவரும் இல்லை. கப்பல் காத்திருக்கிறது. யார் முதலில் ஏறுவது என்பதை ஏகவீரர் சொல்லட்டும். தங்களைச் சொல்ல எனக்கு நாக்கு இல்லை, ஏட்டுக்கு இருக்கிறது."

உப்பு இந்த நாட்டுக் கரையில் இறங்கிவிட்டது, தந்தவர் தந்துவிட்டார், இனி அது நம்முடைய உப்பு, தீவு அரசருக்கு அதில் என்ன பாத்தியதை என்று ஏகவீரர் ஒருவழியாகச் சொன்னார். சேந்தன் அதற்காகத்தான் காத்திருந்தான்.

"அப்படியே வைத்துக்கொள்வோம். தந்தது பெற்றவருக்கே சொந்தம் என்றால், நாம் தந்த உப்பு அந்தப் பெண்ணுக்குச் சொந்தம். தன் உப்பைத் தானே தின்றவளை நாம் எப்படிக் கட்டிப்போடுவது? தந்தவருக்கே சொந்தம் என்றால் இதோ மூட்டை, வாருங்கள், போவோம். இரண்டில் எதுவென்று சொல்லுங்கள்."

ஏகவீரர் ஏட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார், அதற்குப் பதில் அதில் இல்லை. ராஜா கேதகியை அழைத்துவரச் சொல்லி, நீ போய்விட்டால் என் கண்ணுக்கு யார் மருந்து விடுவார்கள் என்று, குழந்தை கேட்பது போலக் கேட்டார்.

"தங்கள் வைத்தியசாலையில் மூன்று பேருக்கு அந்தச் சாறு இறக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன், அரசே. ஒரு மாதமாகத் தங்கள் கண்ணில் விழுவது அவர்கள் இறக்கியதுதான். நான் கையால் விட்டதோடு சரி," என்றாள் அவள்.

அப்போதுதான் ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் ஏட்டைப் பார்த்துச் சிரித்தார், பிறகு வாசலில் நின்ற வண்டிகளைப் பார்த்துச் சிரித்தார், தெளிந்த கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். எட்டுப் பேரையும் சீர் செய்து மரியாதையோடு அனுப்பச் சொன்னார். இனிமேல் வரும் கட்டளை உப்பை ஏகவீரர் தம் தலையில் சுமந்து விடுதியில் இறக்க வேண்டும் என்றார். தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சேந்தன் கழுத்தில் போட்டு, இன்னும் என்ன வேண்டும், கேள் என்றார். முதல் படகு வேண்டும் என்றான் சேந்தன்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லாரும் முத்துமாலையோடு முடித்துவிடுவார்கள். எனக்கு அங்கே நிறுத்த மனசு வரவில்லை.

முதல் படகில் கேதகி போனாள். திரும்பிய படகில் செங்கமலம் வந்தாள். கறுத்திருந்தாள், ஒரு சாண் வளர்ந்திருந்தாள், முழங்கால் தண்ணீரிலேயே குதித்துவிட்டாள். சேந்தன் இரண்டு வருஷத்துப் பேச்சையெல்லாம் வாயில் தேடினான், ஒன்றும் அகப்படவில்லை. பின்னால் ராஜா நின்றுகொண்டிருந்தார், அவருக்கும் விஷயம் தெரியும், அவர் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா எங்கேப்பா?"

சேந்தன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். "பங்குனியிலேயே போயிட்டாம்மா. நாலே நாள் காய்ச்சல். உன் பேரைச் சொல்லிக்கிட்டேதான் போனா."

செங்கமலம் உடனே அழவில்லை. அப்பாவின் கழுத்தில் கிடந்த முத்துமாலையைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், கரை முழுவதும் ஒரு தரம் பார்த்தாள்.

"மூணு நாளா கப்பல்லேர்ந்து பாத்துக்கிட்டே இருந்தேம்ப்பா. நீங்க மட்டும் தனியா நின்னீங்க. அம்மா வெயிலுக்கு வீட்டுல இருக்கான்னு நெனச்சேன்," என்றாள்.

அதன் பிறகுதான் இருவரும் அழுதார்கள். மற்ற ஏழு படகுகளும் ஒவ்வொன்றாகப் போய் வந்தன. காற்று திரும்புவதற்குள் கப்பல் பாய் விரித்தது. அந்தக் கட்டளை அதற்குப் பிறகும் பல காலம் நடந்தது, போனவர்கள் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள் என்று சொல்கிறார்கள். சேந்தன் ஒரு மாதம் சபைக்குப் போகவில்லை, ராஜாவும் அவனைக் கூப்பிட்டு ஆள் அனுப்பவில்லை.