சாய்ந்த முருங்கை எந்தப் பக்கம்?

உடுமலைக்குத் தெற்கே மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம். அதன் தலைவருக்கு முப்பத்திரண்டு வயது. ஊரில் இளைய சாமி என்பார்கள். அவரிடம் சீடராகச் சேர வந்த சென்னியப்பனுக்கு அறுபத்தொன்று. யார் யாரைக் கும்பிடுவது என்பதில் முதல் நாள் இருவருக்கும் திண்டாட்டம்தான். கடைசியில் இவர் 'சாமி' என்றார், அவர் 'ஐயா' என்றார். அதோடு சரியாகிவிட்டது.

சென்னியப்பன் மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருஷம் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சை வளர்க்கத் தெரியாதவர். வந்த காரியத்தை நின்றபடியே சொன்னார்.

"உயிர்ன்னா என்னன்னு தெரிஞ்சுக்கோணுமுங்க சாமி."

இளைய சாமி அவரை உட்காரச் சொன்னார்.

"நம்ம மடத்துப் பள்ளிக்கூடத்துல நாலாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்க ஆள் இல்லீங்க ஐயா. நாளையிலிருந்து நீங்க எடுங்க."

சென்னியப்பனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. உபதேசம் கேட்க வந்தவர் கையில் சாக்பீஸைக் கொடுத்தால் வேறெப்படி இருக்கும்? ஆனாலும் குரு சொல்லைத் தட்டக் கூடாது என்று கேள்விப்பட்டிருந்தார். சரிங்க என்றார்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று சாமி கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. நாம் தெரிந்துகொள்ளலாம், தப்பில்லை. போன தை மாதம் அவர் மனைவி வசந்தாமணி, தோசைக் கல்லைத் துடைத்துக்கொண்டே தலை வலிக்குதுங்க என்று உட்கார்ந்தவள், பிறகு எழுந்திருக்கவே இல்லை. தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். இரண்டு முறை சோதித்துவிட்டு, மூன்றாம் நாள், மூளைச்சாவு என்றார்கள். அவளுடைய சிறுநீரகங்களும் கல்லீரலும் கண்களும் சிலரைப் பிழைக்க வைக்கும் என்று ஒரு டாக்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார். சென்னியப்பன் கையெழுத்துப் போட்டார். போடும்போது இடது கையால் அவள் கையைப் பிடித்திருந்தார். அது சூடாக இருந்தது.

அந்தச் சூடு ஆறு மாதமாக அவர் உள்ளங்கையை விட்டுப் போகவில்லை. அதைத் தூக்கிக்கொண்டுதான் மடத்துக்கு வந்திருந்தார்.

நாலாம் வகுப்பில் பதினேழு பிள்ளைகள். முதல் பாடம் விசை, இரண்டாவது ஆற்றல். இரண்டும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. கதவைத் தள்ளச் சொன்னார், வாளியை இழுக்கச் சொன்னார், தள்ளுவதும் இழுப்பதும் விசை என்றார். ஜன்னலுக்கு வெளியே சுற்றிக்கொண்டிருந்த காற்றாலைகளைக் காட்டி, காற்றில் இருக்கும் ஆற்றல் எப்படி வீட்டு விளக்கில் வந்து நிற்கிறது என்று சொன்னார். ஆற்றல் எங்கும் தொலைந்து போவதில்லை, ஆளைத்தான் மாற்றுகிறது என்றபோது பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். பள்ளிக்கூடம் முழுக்க அவருக்குக் கரண்டு சார் என்று பெயர் வந்தது. அந்தப் பெயரில் அவருக்கு ஒரு ரகசியப் பெருமையும் இருந்தது.

மூன்றாவது பாடத்தில் மாட்டிக்கொண்டார். 'உயிருள்ளவை, உயிரற்றவை.'

கரும்பலகையின் நடுவே கோடு போட்டு இரண்டு பக்கமும் தலைப்பு எழுதினார். உயிருள்ளவை வளரும், உண்ணும், அசையும், சுவாசிக்கும் என்று புத்தகத்தில் இருந்தபடியே சொன்னார். கடைசிச் சொல்லில் அவர் குரல் இறங்கியது.

கோபிகா என்று ஒரு பெண். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பள்ளிக்கு வருவாள், ஆனால் எதுவும் அவள் காதுக்குத் தப்பாது. எழுந்து கேட்டாள்.

"சைக்கிள் பம்பும் காத்தை இழுத்து இழுத்து உடுதுங்க சார். அது எந்தப் பக்கமுங்க?"

வகுப்பு சிரித்தது. சென்னியப்பன் சிரிக்கவில்லை. மூன்று நாள் வசந்தாமணியின் நெஞ்சை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த இயந்திரம் அவர் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. நாளைக்குச் சொல்கிறேன் என்று புத்தகத்தை மூடினார். மறுநாள் திரும்பவும் விசை நடத்தினார். அதற்கு மறுநாளும் விசைதான். பிள்ளைகள் கதவைத் தள்ளித் தள்ளிக் கீல் கழன்றுவிட்டது.

நாலாம் நாள் சாமியிடம் போய், இந்தப் பாடத்தை மட்டும் வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று கேட்டார். ஏன் என்று சாமி கேட்டதும் அதுவரை அடக்கி வைத்தது எல்லாம் வந்துவிட்டது.

"கம்பியில கரண்டு இல்லைன்னு யார் சொன்னாலும் நான் நம்ப மாட்டேனுங்க சாமி. நானே போய்ச் சோதிச்ச பொறவுதான் ஆளைக் கம்பத்துல ஏத்துவேன். முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு உசிரு போனதில்லை. அவ விஷயத்துல மட்டும் அடுத்தவங்க சொன்னாங்கன்னு கையெழுத்துப் போட்டுட்டேன். கை சூடா இருந்துதுங்க. உசிரோட இருந்தவளை நானே அறுக்கக் குடுத்துட்டனோன்னு இருக்குதுங்க."

இளைய சாமி முழுவதும் கேட்டார். எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்து முடிக்கும் வரை பக்கத்தில் நின்றார்.

"பாடத்தை முடிச்சுட்டு வாங்க ஐயா" என்றார்.

அவ்வளவுதான். சென்னியப்பனுக்குக் கோபம் வந்தது. பெற்ற மகளிடம்கூடச் சொல்லாததைச் சொன்னவனுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை கிடையாதா? சின்ன வயசுச் சாமிக்குப் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் பாடு எங்கே தெரியப்போகிறது என்று மனசுக்குள் திட்டினார். பையை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தார். காலையில் முடிவு செய்யலாம் என்று இருந்துவிட்டார்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்தப் பக்கத்தில், கணவாய் வழியாக வரும் காற்றுக்கு அது ஒன்றும் பெரிய பேச்சில்லை. விடிந்து பார்த்தால் பள்ளிக்கூட வாசலில் நின்ற முருங்கை மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. மடத்துச் சாம்பாருக்கு வருஷமெல்லாம் காய் கொடுத்த மரம். பதினேழு பிள்ளைகளும் துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி சுற்றி நின்றார்கள்.

கோபிகாதான் கேட்டாள்.

"இது இப்ப எந்தப் பக்கமுங்க சார்?"

தப்பிக்க வழியில்லை. சென்னியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தார். குழிக்குள் கையை விட்டுத் துழாவினார். பக்கத்து வேர் ஒவ்வொன்றும் அறுந்திருந்தது. நடு வேர் இரண்டாக முறிந்து, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. அவர் அவசரப்படவில்லை. ஒரு வேராவது பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"மரம் போயிருச்சு கண்ணு" என்றார் அவளிடம். "உயிரற்றவை பக்கம்."

அதற்குள் இளைய சாமி அரிவாளோடு வந்துவிட்டார். அதைச் சென்னியப்பன் கையில் கொடுத்தார். ஆளுக்கொரு போத்து வெட்டிக் கொடுங்க ஐயா, வீட்டில் கொண்டுபோய் நடட்டும் என்றார். முருங்கைக்கு விதையைவிடப் போத்துதான் வாகு. கை கனத்தில் ஒரு கிளையை வெட்டி மண்ணில் ஊன்றினால் போதும்.

சென்னியப்பன் கிளையைப் பிடித்தார். இலைகள் பச்சையாக இருந்தன. பட்டையில் ஈரம் இருந்தது. ஓங்கிய கை அப்படியே நின்றது.

"இருக்கட்டும். நாளைக்கு வெட்டலாம்" என்றார்.

கோபிகாவுக்குப் பொறுக்கவில்லை.

"நாளைக்குக் காஞ்சு போயிருமுங்க சார். காஞ்சதை நட்டா துளுக்காதுங்க. உசிரு இருக்கறப்பவே வெட்டோணும்."

அவர் அவளைப் பார்த்தார். சாமியைப் பார்த்தார். சாமி மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரிவாள் இறங்கியது. முதல் வெட்டு கோணலாகப் போனது. இரண்டாவது நேராக விழுந்தது. வெட்டு வாயில் நீர் கசிந்தது. கோபிகா அந்தப் போத்தை வாங்கி, அதன் தலையில் ஒரு உருண்டை சாணியை அப்பினாள். வெயிலில் உள்ளே காயாமல் இருக்கவாம். எல்லாப் பிள்ளைகளுக்கும் அதையே செய்து காட்டினாள். பதினேழு போத்தும் வெட்டி முடித்தபோது சென்னியப்பனின் சட்டை நனைந்திருந்தது. வியர்வை மட்டும்தானா என்று யாரும் கேட்கவில்லை.

பிள்ளைகள் ஆளுக்கொன்றைத் தோளில் வைத்துக்கொண்டு திருவிழாவுக்குப் போகிறவர்கள் போலப் போனார்கள். மிச்சக் கட்டை அடுப்புக்குப் போனது.

ஊருக்குப் போகும் யோசனையை அவர் தள்ளிப் போட்டார். போத்து என்ன ஆனது என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டார். தினம் காலையில் வருகைப் பதிவு எடுப்பதற்கு முன்னால் போத்து விசாரணை நடந்தது. நாலு போத்து அழுகிப் போனது. இரண்டை ஆடு கடித்துவிட்டது. மூன்றாம் வாரம் ஒரு பையன் ஓடி வந்து, அரிசி அளவில் பச்சையாக ஒன்று எட்டிப் பார்க்கிறது என்றான். ஆவணி பிறந்தபோது பதினோரு வீட்டில் துளிர்த்திருந்தது. கோபிகா வீட்டில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக, அவள் இடுப்பு உயரத்தில், ஒரு கொத்து இலை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் தானே போய்ப் பார்த்தார். தொட்டுப் பார்த்தார்.

அன்றைக்கு வகுப்பில் திரும்பவும் நடுவே கோடு போட்டார். ஒரு பக்கம் 'மரம்' என்று எழுதினார். மறுபக்கம் 'போத்து' என்று எழுதினார். ஒரே முருங்கை இரண்டு பக்கமும் வந்துவிட்டதே, இது எப்படி என்று பிள்ளைகளைக் கேட்டார். அவர்களுக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை. மரம் போச்சு, முருங்கை இருக்குது என்றார்கள். சைக்கிள் பம்பை எந்தப் பக்கம் எழுதட்டும் என்று கேட்டதற்கு, அது வெறும் காத்து சார் என்று கோபிகாவே சொல்லிவிட்டாள். பாடம் முடிந்தது.

சாயங்காலம் சாமி சமையற்கட்டு வாசலில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சென்னியப்பன் எதிரே போய் உட்கார்ந்தார்.

"பாடம் முடிஞ்சுதுங்க சாமி."

"புரிஞ்சுதுங்களா?"

"பசங்களுக்குப் புரிஞ்சுதுங்க."

சாமி முறத்தைக் கீழே வைத்தார்.

"போத்து வெட்டறப்ப அதுல உசிரு இருந்துதுங்களா ஐயா?"

"இருந்துதுங்க. இல்லாட்டித் துளுத்திருக்காதுங்களே."

"மரத்துல?"

"இல்லீங்க. வேரே அத்துப் போச்சு. எத்தனை தண்ணி ஊத்துனாலும் எந்திரிச்சிருக்காதுங்க."

"அங்கே வேரைப் பார்த்தது யாரு?"

எந்த 'அங்கே' என்று சென்னியப்பன் கேட்கவில்லை.

"டாக்டருங்க. ஒரு தடவை பார்த்துட்டு, ஆறு மணி நேரம் விட்டு, மறுபடியும் பார்த்தாங்க."

"மரத்தைச் சாய்ச்சது?"

"காத்துங்க."

"அருவா எடுத்தது?"

அவர் தன் வலது கையைப் பார்த்தார்.

"நானுங்க."

இளைய சாமி முறத்தை மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்தப் பதினோரு வீட்டுக்கும் ஒரு நடை போய்ட்டு வாங்க ஐயா. எந்த வீட்டுலயாச்சும் அருவா புடிச்ச கையைத் திட்டறாங்களான்னு கேட்டுட்டு வந்து சொல்லுங்க."